சீனர்களின் ‘முகம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் தையல் இயந்திர உதிரிபாகம் விற்கிறேன். சரக்கு எடுக்க 15 ஆண்டுகளாகச் சீனாவுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் ஜெஜியாங் மாகாணத்துத் தைசோ, இடையிடையே குவாங்சோ கண்காட்சி. முதல்முறை கிளம்புகிறவர்கள் விசா, பணம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்பது இது: “அங்கே என்னவோ முகம், முகம் என்கிறார்களே, அது என்ன அண்ணே?” அந்தக் கேள்வியும் அது போட்ட குட்டிகளும் கீழே.

முகம் என்றால் மானம்தானே?

பாதி சரி. சீன மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று லியன், இன்னொன்று மியன்ட்சு. இரண்டுக்கும் நேர்ப்பொருள் முகம்தான். ஆனால் புழங்கும் இடம் வேறு. இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாகப் பிரித்து எழுதியவர் ஹூ ஷியன்ஜின் என்ற சீன மானிடவியலாளர். 1944-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுத்தான் போகிறார்கள்.

லியன் என்பது நம் மானத்துக்குக் கிட்டத்தில் வரும். யோக்கியமாக நடப்பவன் என்று ஊர் ஒருவன்மேல் வைக்கும் நம்பிக்கை அது. ஏழைக்கும் உண்டு, பணக்காரனுக்கும் உண்டு. போனால் மொத்தமாகப் போகும். “பு யாவ் லியன்” என்று ஒருவரைத் திட்டினால், ‘முகமே வேண்டாம் என்று விட்டவன்’ என்று அர்த்தம். நாம் வெட்கங்கெட்டவன் என்கிறோமே, அதைவிட ஒரு படி காரம். வேடிக்கைக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

மியன்ட்சு வேறு சரக்கு. பதவி, படிப்பு, பணம், தெரிந்த பெரிய மனிதர்கள், மகன் சேர்ந்த பல்கலைக்கழகம், கல்யாணத்துக்கு வந்த கார்கள், இவற்றால் ஏறும், இறங்கும். ஒருவருக்கு நிறைய இருக்கும், இன்னொருவருக்குக் கொஞ்சம் இருக்கும். கடன் கேட்கலாம், கொடுக்கலாம், சேர்த்து வைக்கலாம். மானம் தனியறையில் உட்கார்ந்திருந்தாலும் மானம்தான். மியன்ட்சு நாலு பேர் பார்க்காத இடத்தில் கிடையாது. அந்த நாலு பேர் கையில்தான் அது இருக்கிறது.

‘முகத்தைக் காப்பாற்றுவது’ என்பதுதானே முக்கியம்?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பிடித்துக்கொண்ட வால் அது. ‘முகத்தை இழப்பது’ என்ற ஆங்கில வழக்கு, 19-ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகங்களில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் சீனத்திலிருந்து எடுத்தது. அதற்கு ஜோடியாகக் ‘காப்பாற்றுவது’ என்பதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

சீனர்கள் வாயில் அதிகம் அடிபடுவது “கெய் மியன்ட்சு”, அதாவது முகம் கொடுப்பது. தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள எவனுக்கும் தெரியும். அடுத்தவனுக்கு எந்த நேரத்தில், எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்தவனைத்தான் அங்கே விவரமானவன் என்பார்கள்.

இதற்கு நம்மிடம் அருமையான பழைய சொல் ஒன்று இருக்கிறது: முகதாட்சண்யம். “அவர் முகத்துக்காகத்தான் விட்டேன்” என்கிறோமே, அதேதான். “துறவியின் முகத்தைப் பார்க்காவிட்டாலும் புத்தரின் முகத்தையாவது பார்” என்பது சீனப் பழமொழி. தகராறில் நடுவே வருகிறவர் இதைச் சொல்வார்: இவனுக்காக வேண்டாம், இவனுக்குப் பின்னால் நிற்பவருக்காக விட்டுக்கொடு.

விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

விருந்து மேசைதான் முகத்தின் மைதானம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட்ட மேசையில் கதவைப் பார்த்தபடி இருக்கும் நடு இருக்கை தலைமை இருக்கை. காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள். உட்காரச் சொல்லும்வரை நில்லுங்கள். சொன்னாலும் ஒருமுறை மறுங்கள். யார் எங்கே என்பதற்கே ஐந்து நிமிடம் தள்ளுமுள்ளு நடக்கும். முதல்முறை பார்த்தபோது சண்டை என்றே நினைத்தேன். ஒருவரை ஒருவர் மேல் இருக்கைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முழு மீன் வரும். ஷான்டோங் போன்ற பகுதிகளில் மீனின் தலை முதன்மை விருந்தினரைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைப்பார்கள். தலை உங்கள் பக்கம் இருந்தால் உங்களுக்கு மரியாதை. நீங்கள் கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். பசியோடு பத்துப் பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மறந்துவிடாதீர்கள்.

கோப்பையை முட்டும்போது உங்கள் விளிம்பு பெரியவரின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அவரும் பணிவாக இறக்குவார், நீங்கள் இன்னும் இறக்குவீர்கள். இரண்டு கோப்பையும் மேசையைத் தொட்டு நின்ற காட்சியையெல்லாம் பார்த்திருக்கிறேன். குடிக்காதவர் தேநீரை உயர்த்தலாம், தவறில்லை. ஆனால் உட்காரும்போதே மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். பாதி விருந்தில், தலைவர் கோப்பையோடு எழுந்து வந்தபின் “வேண்டாம்” என்றால், அவர் எல்லோர் முன்னாலும் நீட்டிய கை காற்றில் நிற்கும்.

சாப்பாடு மிஞ்சத்தான் வேண்டும். தட்டுகள் துடைத்ததுபோல் காலியானால் அழைத்தவருக்குப் போதுமானதை வரவழைக்கத் துப்பில்லை என்றாகிவிடும். இப்படி மிஞ்சியது நாடு முழுவதும் மலைபோல் குவிந்ததால்தான் 2013-ல் ‘காலித் தட்டு’ இயக்கம் வந்தது. 2021 ஏப்ரலில் உணவு வீணாக்கலுக்கு எதிராகச் சட்டமே போட்டார்கள். இப்போது மிச்சத்தைக் கட்டி எடுத்துப்போவது கேவலமில்லை. முன்பு அப்படியில்லை.

கடைசியாகப் பில். இழுபறி கட்டாயம் நடக்கும், சட்டைப்பையைப் பிடித்து இழுப்பார்கள். அழைத்தவர்தான் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் கொஞ்சம் போராட வேண்டும். கெட்டிக்காரர்கள் பாதியில் கழிப்பறைக்கு எழுந்தவர்போல் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நண்பர்களான இளைஞர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். வியாபார விருந்தில் கூடாது.

முடியாது என்பதை எப்படிச் சொல்வார்கள்?

சொல்ல மாட்டார்கள். “கொஞ்சம் வசதிப்படாது”, “அப்புறம் பார்க்கலாம்”, “யோசிக்கிறோம்” என்றால் முடியாது என்று எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகங்களில் “யென்ஜியூ யென்ஜியூ” என்பார்கள்: ஆராய்கிறோம், ஆராய்கிறோம். கிட்டத்தட்ட இதே ஒலியில் ‘சிகரெட்டும் சாராயமும்’ என்றும் பொருள் வரும். ஆராயச் சொன்னால் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சீனர்களே நெடுங்காலமாக அடிக்கும் கிண்டல் அது.

நீங்களும் அப்படித்தான் மறுக்க வேண்டும். விலை கட்டாது என்பதற்கு “உங்கள் விலை அநியாயம்” என்று சொல்ல வேண்டியதில்லை. “ஊரில் என் பங்காளியிடம் கலந்துவிட்டுச் சொல்கிறேன்” போதும். எனக்குப் பங்காளியே கிடையாது. அவர்களுக்கும் அது தெரியும்.

அப்படியென்றால் எல்லாம் பொய், நடிப்பு என்றுதானே ஆகிறது?

இந்தக் கேள்வியில் ஒரு சின்ன அகந்தை இருக்கிறது, பரவாயில்லை. “கல்யாணத்துக்கு அவசியம் வந்துவிடுங்கள்” என்று ரயிலில் பார்த்தவரிடமும் சொல்கிறவர்கள் நாம். கேட்பவருக்குப் புரிந்த பொய் பொய்யாகாது. புரியாத வெளியாளுக்குத்தான் அது ஏமாற்றாகப் படுகிறது.

ஆனால் வெட்கப்பட வேண்டிய நடிப்பும் உண்டு. அதைச் சீனர்களே சாடியிருக்கிறார்கள். சீன எழுத்தாளர் லூ ஷூன் 1934-ல் முகத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதில் பெருமை பேசும் வெட்டிப்பயல் ஒருவன் வருகிறான். “நாலாம் பண்ணையார் என்னிடம் பேசினார்!” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். என்ன பேசினார் என்று கேட்டால், “அவர் வாசலில் நின்றிருந்தேன். வெளியே வந்தவர், ‘போடா அந்தப் பக்கம்’ என்றார்.”

அதே கட்டுரையில் இன்னொரு கதை. மன்னராட்சிக் காலத்தில் வெளிநாட்டார் வெளியுறவு அலுவலகத்துக்கு வந்து மிரட்டுவார்கள். அதிகாரிகள் நடுங்கிப்போய்க் கேட்டதெல்லாம் கொடுப்பார்கள். ஆனால் திரும்பும்போது மட்டும் பக்கவாசல் வழியே அனுப்பிவைப்பார்கள். தலைவாசல் கிடைக்கவில்லை என்றால் வெள்ளைக்காரனுக்கு முகமில்லை. அவனுக்கில்லை என்றால் சீனாவுக்கு இருக்கிறது! நாட்டையே எழுதிக்கொடுத்தபின் வாசலை வைத்து ஆறுதல். லூ ஷூனின் கிண்டல் 90 ஆண்டு கழித்தும் சுடுகிறது.

இது கன்பூசியஸ் காலத்து வழக்கமா?

அவர் பேசியது வெட்கத்தைப் பற்றி. சட்டத்தாலும் தண்டனையாலும் ஆண்டால் மக்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள், வெட்கம் வராது. நல்லொழுக்கத்தாலும் சடங்கு முறையாலும் நடத்தினால் வெட்கம் வந்து தாமே திருந்துவார்கள் என்பது அவர் வாக்கு. லியன் அங்கிருந்து வருகிறது என்று சொல்லலாம். மியன்ட்சுவின் பில் சண்டைக்கு அவரைப் பொறுப்பாக்க வேண்டாம்.

முகம் என்ற பேச்சு வரலாற்று ஏடுகளில் பழமையானது. வூ நாட்டு அரசன் ஃபூச்சாய், தன்னை எச்சரித்த அமைச்சர் வூ ட்சிஷூவைச் சாகச் சொல்லி வாளை அனுப்பியவன். கி.மு. 473-ல் அமைச்சர் சொன்னபடியே நாடு பறிபோனது. ட்சிஷூவை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று தன் முகத்தை மூடிக்கொண்டு தற்கொலை செய்துகொண்டான்.

அடுத்தது சீனக் குழந்தைக்கும் தெரிந்த கதை. கி.மு. 202-ல் ஷியாங் யூ என்ற போர்த்தலைவன் எல்லாம் தோற்று வூ ஆற்றங்கரையில் நிற்கிறான். ஓடக்காரன் படகோடு காத்திருக்கிறான். அக்கரை போனால் சொந்த நாடு, மறுபடி அரசாளலாம். “இந்த ஆற்றைக் கடந்து 8,000 இளைஞர்கள் என்னோடு வந்தார்கள். ஒருவனும் திரும்பவில்லை. அவர்களின் தகப்பன்மார் இரக்கப்பட்டு என்னை அரசனாக்கினாலும், எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பேன்?” என்கிறான். குதிரையை ஓடக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, இறங்கிச் சண்டையிட்டுச் செத்தான். ‘எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊருக்குப் போவேன்’ என்று நாம் சொல்வதில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை.

குவான்ஷி, ரென்ச்சிங் என்கிறார்களே, அவை வேறா?

ஒரே குடும்பம். குவான்ஷி என்பது தொடர்பு: உறவு, ஒரே ஊர், ஒன்றாகப் படித்தது. ரென்ச்சிங் என்பது அந்தத் தொடர்பில் ஓடும் நன்றிக்கடன். ஒருவர் தன் முகத்தை வைத்து உங்களுக்கு ஒரு காரியம் முடித்துத் தந்தால் ரென்ச்சிங் உங்கள் தலையில் ஏறிவிட்டது. உடனே அதே அளவில் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்த்து உறவை வெட்டுவதுபோல் ஆகும். கொஞ்ச நாள் விட்டு, கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தில் சிவப்பு உறையில் வந்த பணத்தை ஏட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் சற்றுச் சேர்த்து வைப்பார்கள். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

முகத்துக்காகக் கடன்கூட வாங்குவார்களாமே?

“தன் கன்னத்தைத் தானே அறைந்து வீங்கவைத்துக் குண்டன்போல் காட்டுவது” என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். கொழுத்த முகம் செழிப்பின் அடையாளமாக இருந்த காலத்துப் பேச்சு. கல்யாணம், கார், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றிலும் இந்த வீக்கம் உண்டு. நமக்குச் சிரிக்கத் தகுதியில்லை.

அரசாங்கத்துக்கும் முகம் உண்டா?

இல்லாமலா? யாரும் வராத பெரிய சதுக்கம், சாலையைப் பார்க்கும் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்த கிராமம், இவற்றை மக்களே ‘முகத் திட்டம்’ என்று நக்கலடிப்பார்கள்.

நாடுகளுக்கு இடையில் நடந்ததில் நான் விரும்பிச் சொல்லும் கதை 2001-ல் நடந்தது. ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் தத்தளித்துத் தீவிலேயே இறங்கியது. 24 பேர் பிடிபட்டார்கள். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது. தவறு எங்களுடையது இல்லை என்றது அமெரிக்கா. பதினோரு நாள் இழுபறிக்குப்பின் அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் குடும்பத்துக்காக ‘மிகவும் வருந்துகிறோம்’, வாய்மொழி அனுமதியின்றிச் சீன வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்கு ‘மிகவும் வருந்துகிறோம்’. அவ்வளவுதான், ‘மன்னிப்பு’ என்ற சொல்லே இல்லை. சீனத் தரப்பு அதைத் தன் மக்களுக்கு அறிவித்தபோது, ஆழ்ந்த மன்னிப்பு என்று பொருள் கொள்ளும்படியான சொல்லைப் போட்டது. வாஷிங்டனில் “மன்னிப்புக் கேட்கவில்லை” என்றார்கள். பெய்ஜிங்கில் “கேட்டுவிட்டார்கள்” என்றார்கள். ஒருவர் மொழிபெயர்ப்பை இன்னொருவர் நோண்டவில்லை. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். விமானத்தை மட்டும் சொந்த இறக்கையில் பறந்து போக விடவில்லை. துண்டு துண்டாகக் கழற்றி, வாடகைச் சரக்கு விமானத்தில் ஜூலையில்தான் எடுத்துப்போனார்கள். அந்தப் பக்கவாசல் ஞாபகம் வருகிறதா?

உள்நாட்டில் இதே முகத்தை ஆயுதமாகவும் எடுக்கிறார்கள். வசதி இருந்தும் தீர்ப்புப்படி பணம் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை 2013 முதல் உச்ச மக்கள் நீதிமன்றம் வெளியிடுகிறது. விமான டிக்கெட்டும் அதிவேக ரயிலும் மறுக்கப்படும் என்பது ஒருபுறம்; பல ஊர்களில் அவர்கள் படம் தெருத்திரையில் ஓடுவதுதான் அதிகம் வலிக்கிறது. சிவப்பு விளக்கில் சாலையைக் கடப்பவர்களையும் இப்படித் திரையில் காட்டுவார்கள். 2018 நவம்பரில் நிங்போ நகரத்துக் கேமரா, ஏசி தயாரிக்கும் கிரீ நிறுவனத்தின் தலைவி தோங் மிங்ஜூவைப் பிடித்துத் திரையில் போட்டது. உண்மையில் கடந்து போனது ஒரு பேருந்து. அதன் பக்கவாட்டு விளம்பரத்தில் அவர் முகம் இருந்தது. போலீஸ் படத்தை நீக்கிவிட்டது.

மலேசியா, சிங்கப்பூரிலும் இப்படியா?

அங்குள்ள நம் ஆட்களைக் கேட்டால் இந்தப் பக்கத்தையே எழுதியிருக்க வேண்டாம். “கிவ் ஃபேஸ் லா” என்று சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவருமே பேசுகிறார்கள். மலாயில் மரியாதை போவதை ‘ஆயர் மூக்கா’ விழுந்தது என்பார்கள்: முகத்தின் நீர். அந்த மூக்கா நம் முகம்தான், சமஸ்கிருத வழியில் கப்பலேறிப் போனது.

வெளிநாட்டுக்காரன் தவறு செய்தால் மன்னிப்பார்களா?

சாப்பாட்டு மேசைப் பிழைகளை மன்னிப்பார்கள். சீனச் சாப்பாட்டுக் குச்சியில் நீங்கள் தடுமாறினால் அவர்களுக்குச் சந்தோஷம்கூட. நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறைசொன்னால் பாஸ்போர்ட் உதவாது.

தவறைச் சுட்டிக்காட்டவே கூடாதா? சரக்கு மோசமாக இருந்தால்?

தாராளமாகச் சுட்டலாம். தனியாக. வீசாட் (சீனர்களின் வாட்ஸ்அப்) குழுவில் அல்ல. மேலாளருக்குத் தனிச்செய்தியில், படங்களோடு. “நாங்கள் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது” என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அவர் திருத்திக்கொள்ள வழி கிடைக்கிறது.

ஏற்கெனவே சொதப்பிவிட்டேன். இப்போது?

நானும் சொதப்பியவன்தான். ஏழெட்டு வருடம் முன்பு ஒரு தொழிற்சாலையில், பேக்கிங் மேசையருகே பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பாபின் கேஸ் (தையல் இயந்திரத்தில் அடிநூல் உருளை உட்காரும் கூடு) எல்லாம் அளவு தப்பு. பின்னலாடை சீசன் நெருங்கிய நேரம். பொறுப்பில் இருந்த அம்மாளை, அவர் கீழ் வேலை பார்க்கும் பெண்கள் முன்னால் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “பிரச்சினை இல்லை” என்றார். ஆகா, ஒப்புக்கொண்டார் என்று ஊர் திரும்பினேன். அதற்குப்பின் இரண்டு மாதம் என் செய்திகளுக்கு ஒருவரிப் பதில்தான். ஆர்டர் வரிசையில் கடைசி. கேட்டால் “பார்க்கிறோம்”.

அடுத்த பயணத்தில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று என் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். மன்னிப்புக் கேட்டால் நடந்ததை மறுபடி எல்லோர் முன்னும் எடுத்து வைப்பதாகுமாம். தொழிற்சாலை முதலாளிக்கும் எனக்கும் தெரிந்த ஒரு முதியவரைப் பிடித்தார். அவர் பேரில் விருந்து. அந்த அம்மாளை அழைத்து மேல் இருக்கையில் உட்காரவைத்தோம். இந்தியாவில் என் வாடிக்கையாளர்கள் அவர் பிரிவின் சரக்கை எவ்வளவு மெச்சுகிறார்கள் என்று அந்த முதியவர் ஒரு பேச்சுப் பேசினார். நான் எழுந்து போய்க் கோப்பையை மேசையோடு மேசையாக இறக்கி முட்டினேன். அந்த அம்மாள் பரிமாறும் பொதுக் குச்சியால் மீனில் ஒரு துண்டெடுத்து என் தட்டில் வைத்தார்.

பாபின் கேஸ் என்ற சொல்லை அன்று இரவு யாருமே எடுக்கவில்லை. அடுத்த வாரம் சரியான அளவில் முழுப் பெட்டியும் விமானத்தில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. கூரியர் செலவு அவர்கள் கணக்கில்.